12 சதுர மீட்டரிலிருந்து 20 டன் சாம்பல் வரை: ஜாங் ஹுவானின் கலைவழி

சீனக் கலைஞர் ஜாங் ஹுவான் 1990களில் தன் உடம்பைக்கொண்டு செய்த நிகழ்த்துகலைப் படைப்புகளின் தலைப்புகளை வரிசையாகப் படித்தால், கட்டட மேஸ்திரியின் கணக்கு நோட்டைப் புரட்டுவது போல இருக்கும். ‘12 சதுர மீட்டர்’, ‘65 கிலோகிராம்’, ‘பெயரற்ற மலையை ஒரு மீட்டர் உயர்த்துதல்’, ‘மீன்குளத்தின் நீர்மட்டத்தை உயர்த்துதல்’. பரப்பு, எடை, உயரம், மட்டம். பெய்ஜிங் இடித்துக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. நகரம் எந்த அலகுகளில் நிலத்தையும் கூலியாட்களையும் கணக்கிட்டதோ, அதே அலகுகளை எடுத்துக்கொண்டு தன் உடம்பை அளவுகோலாக வைத்து அளந்தவர் ஜாங். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வலியைத்தான் பேசுகிறார்கள். வலியைவிட அளவு முக்கியம். அளவுக்கு அடுத்து, செயல் முடிந்த பிறகு என்ன மிஞ்சியது, அது யார் கைக்குப் போனது என்பது முக்கியம். இந்த ஆய்வு அந்த இரண்டையும் பின்தொடர்கிறது.

டாஷான்ஜுவாங்

ஜாங் 1965இல் ஹெனான் மாகாணத்தின் அன்யாங்கில் பிறந்தார். சிறுவயதில் கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். கைஃபெங்கில் உள்ள ஹெனான் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்துவிட்டு, மேற்படிப்புக்காகப் பெய்ஜிங்கின் மத்திய நுண்கலைக் கல்லூரிக்கு வந்தார். 1993 இலையுதிர்காலத்தில் தேசியக் கலைக்கூடத்தில் ‘தேவதை’ என்ற நிகழ்த்துதலைச் செய்தார். சிவப்புத் திரவமும் உடைந்த பொம்மைத் துண்டுகளும் நிறைந்த ஜாடியைத் தன்மேல் கவிழ்த்துக்கொண்டு, துண்டுகளைப் பொறுக்கிப் பொருத்தி ஒரு குழந்தை உருவமாக்கினார். கருக்கலைப்பைப் பற்றிய படைப்பு என்பது பார்த்தவர்களுக்கு உடனே விளங்கியது. கண்காட்சி மூடப்பட்டது. அவருக்கு 2,000 யுவான் அபராதம் விதித்து, தன் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதித் தரவும் சொன்னார்கள்.

அதன்பின் நகரின் கலைக்கூடங்கள் அவருக்குக் கிட்டத்தட்ட மூடியவைதான். அவர் குடியிருந்த டாஷான்ஜுவாங், பெய்ஜிங்கின் கிழக்கு ஓரத்தில், மூன்றாம் சுற்றுச்சாலைக்கு வெளியே இருந்த சிற்றூர். வாடகை மிகக் குறைவு. குப்பை பொறுக்கிப் பிரிப்பவர்கள், கட்டட வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்கள், அவர்களோடு பெய்ஜிங் குடியிருப்புப் பதிவு இல்லாத ஓவியர்களும் இசைக்காரர்களும். மா லியூமிங், ட்சாங் ஷின், ஜு மிங், புகைப்படக்காரர்கள் ரோங் ரோங், ஷிங் டான்வென் ஆகியோர் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள். கலைஞர்கள் கூடி வாழ்ந்த நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜை நினைத்துத் தங்கள் ஊருக்கும் ‘பெய்ஜிங் ஈஸ்ட் வில்லேஜ்’ என்று பெயரிட்டுக்கொண்டார்கள். பாதி கேலி, பாதி ஆசை. நகரம் அந்தப் பக்கமாக விரிந்து வந்துகொண்டிருந்தது. ஊர் நிலைக்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கழிப்பறையும் உத்தரமும்

‘12 சதுர மீட்டர்’ 1994 கோடையில் நடந்தது. தலைப்பு ஊர்ப் பொதுக்கழிப்பறையின் பரப்பு. தண்ணீர் வசதி கிடையாது. குழிகளும் சுவரும் மட்டும். மழை விட்ட ஒரு நாள் அங்கே போனபோது உடம்பை மொய்த்த ஈக்கள்தான் படைப்புக்கு வித்து என்று ஜாங் பின்னாளில் எழுதியிருக்கிறார். செய்முறை எளிது. ஆடையில்லாத உடம்பு முழுக்கத் தேனும் மீன் கழிவுநீரும் பூசிக்கொண்டு, கழிப்பறையில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார். வெயில் 38 டிகிரி செல்சியஸ். ஈக்கள் முகம், காது, உதடு என்று ஒட்டிக்கொண்டன. நேரம் முடிந்ததும் எழுந்து பின்னாலிருந்த குப்பை மிதக்கும் குட்டைக்குள் நடந்து, தலை மூழ்கும்வரை போனார்.

தேனும் மீனும் என்ற சேர்க்கையைக் கவனிக்க வேண்டும். தேன் ஒட்டவைக்கும், ஆனால் கழிப்பறை ஈக்களுக்கு இனிப்பைவிட அழுகிய புரதத்தின் வாடைதான் ஈர்ப்பு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காட்சி பாதியாகியிருக்கும். ஒரு மணி நேரம் என்ற அளவிலும் கணக்கு உண்டு. ஓரிரு நிமிடம் சகித்தால் அது துணிச்சல்காட்டல். ஒரு மணி நேரத்தில் பார்ப்பவர்களுக்கு ஈக்கள் பழகிவிடும். அந்தப் பழக்கம்தான் அங்கே குறி, ஏனென்றால் ஊர்க்காரர்கள் அனைவரும் அப்படிப் பழகிப்போனவர்கள்.

அதே ஆண்டு ஜூனில் ‘65 கிலோகிராம்’. இது அவருடைய அப்போதைய எடை. தன் வீட்டறையின் உத்தரத்திலிருந்து பத்து இரும்புச் சங்கிலிகளால், முகம் கீழே பார்க்க, தரையிலிருந்து சுமார் மூன்று மீட்டர் உயரத்தில் படுத்தவாக்கில் தொங்கினார். கீழே வெள்ளை மெத்தைகள் பரப்பியிருந்தன. நடுவில் மின் அடுப்பு, அதன்மேல் எஃகுத் தட்டு. ஒரு மருத்துவர் அவர் உடலிலிருந்து 250 மில்லிலிட்டர் ரத்தம் எடுத்தார். குழாய் வழியே அது சொட்டுச்சொட்டாகச் சூடான தட்டில் விழுந்து பொரிந்து கருகியது. இதுவும் ஒரு மணி நேரம்.

250 மில்லி என்பது ரத்ததானத்தில் எடுக்கும் அளவைவிட அதிகமில்லை. 65 கிலோ எடையுள்ள ஒருவரின் மொத்த ரத்தத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அதனால் உயிருக்கு ஆபத்து ரத்தத்தால் வரவில்லை. ஆபத்து தொங்கலில் இருந்தது. குப்புறத் தொங்கும்போது மார்புக்கூட்டைப் பட்டைகள் அழுத்தும். மூச்சு ஆழமாக இழுக்க முடியாது. கைகால்களில் ரத்த ஓட்டம் தேங்கும். பத்துச் சங்கிலிகள் போட்டதன் பொருள் இங்கேதான். எடை பல புள்ளிகளில் பிரிய வேண்டும். இரண்டு மூன்று சங்கிலிகளில் தொங்கியிருந்தால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. பழைய வீட்டின் மர உத்தரம் தாங்குமா என்பது இன்னொரு கேள்வி. இளைஞர்கள் இதைப் பார்த்துவிட்டு இதே போலத் தொங்க முயலக்கூடும். உடம்புக்குப் பழக்கமும் பக்கத்தில் மருத்துவரும் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது என்பதைப் பாடமாகவே சொல்ல வேண்டும்.

அடுத்த சில நாட்களில் மா லியூமிங் தன் வீட்டு முற்றத்தில் ஆடையின்றி நிகழ்த்தியதற்காகக் கைதானார். இரண்டு மாதம் காவலில் இருந்தார். கலைஞர்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். கூட்டமாக வாழ்ந்தது அத்தோடு முடிந்தது. ஊரும் பின்பு நகர விரிவாக்கத்தில் இடிக்கப்பட்டு மறைந்தது.

இந்த இரண்டு படைப்புகளையும் இன்று நாம் அறிவது பெரும்பாலும் ரோங் ரோங் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களால்தான். படங்கள் அழகானவை. அதுதான் சிக்கல். ஈக்கள் படிந்த தோள் ஒளியில் மின்னுகிறது. தேனின் பளபளப்பு வெண்கலச் சிலையை நினைவூட்டுகிறது. கழிப்பறையில் இருந்தவர்களுக்கு மூக்கைப் பொத்தவேண்டியிருந்தது, அறையில் இருந்தவர்களுக்கு ரத்தம் கருகும் நெடி அடித்தது. படத்தில் இரண்டும் இல்லை. வாடை போனதும் நாற்றமடித்த ஊர் போய்விடுகிறது. தனி மனிதனின் வைராக்கியம் மட்டும் மிஞ்சுகிறது. ஜாங் ஒரு துறவி போல வாசிக்கப்பட்டதற்கு அந்தப் படங்களின் அழகும் ஒரு காரணம் என்றே சொல்லலாம்.

மலையும் குளமும்: கணக்கைப் போட்டுப் பார்த்தால்

1995 மே மாதம், பெய்ஜிங்குக்கு மேற்கே மியாவ்ஃபெங் மலைப்பகுதி. சிதறிப்போன வட்டத்திலிருந்து பத்துப் பேர் ஒரு குன்றின் உச்சிக்கு ஏறினார்கள். எல்லோரையும் எடை போட்டார்கள். நில அளவையாளர்கள் கருவி வைத்து உயரம் பார்த்தார்கள். பிறகு ஆடைகளைக் களைந்து, எடை கூடியவர்கள் அடியிலும் குறைந்தவர்கள் மேலுமாக, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று குப்புற அடுக்கிப் படுத்தார்கள். முதலில் 86.393 மீட்டர், அடுக்கியபின் 87.393 மீட்டர் என்று அளவு பதிவானது.

இந்த அடுக்கு ஏன் நான்கு வரிசை? குப்புறப் படுத்த மனித உடலின் தடிமன் 20 முதல் 25 சென்டிமீட்டர். நான்கு அடுக்கினால் ஏறக்குறைய ஒரு மீட்டர். மூன்று போதாது, ஐந்து வேண்டாம். கீழே இருந்த நால்வர் மேலே உள்ள ஆறு பேரைச் சுமக்க வேண்டும். சராசரி 60 கிலோ என்று வைத்தால் 360 கிலோ. ஆளுக்கு 90 கிலோ. மண்ணிலும் கல்லிலும் குப்புறப் படுத்தவனின் முதுகில் 90 கிலோ ஏறினால் மூச்சு விட விலா எலும்பு விரியாது. அதனால் எடைவரிசை ஒரு சடங்கு அலங்காரமல்ல. அது இல்லாமல் அளவையாளர் கருவியைச் சரிசெய்யும் நேரம்கூட அடுக்கு நின்றிருக்காது. முதலில் அடியில் படுப்பவர்தான் கடைசியில் எழுவார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

‘மலைக்கு அப்பாலும் மலை’ என்பது சீனத்தில் ஒரு பழமொழி. எவ்வளவு உயர்ந்தாலும் அதற்கு மேல் ஒன்று உண்டு என்ற பணிவைச் சொல்வது. பத்துப் பேர் தங்கள் உடம்பைக் கொடுத்து ஒரு மீட்டர் கூட்டுகிறார்கள், எழுந்ததும் மலை பழைய உயரத்துக்குத் திரும்பிவிடுகிறது. தொலைவில் நகரம் மாடிமேல் மாடியாக உயர்ந்துகொண்டிருந்த காலத்தில் இது கேலியா பிரார்த்தனையா என்று பிரிக்க முடியாது. ஜாங்கின் படைப்புகளில் மிகச் சிறந்தது இதுவே என்பது இந்த ஆய்வின் கருத்து. ஆனால் ‘ஜாங்கின் படைப்பு’ என்று சொல்லும்போதே வம்பு தொடங்கிவிடுகிறது. யோசனை கூட்டாகப் பேசி உருவானது, பத்துப் பேரும் சமமான ஆசிரியர்கள் என்று பங்கேற்றவர்கள் வாதிட்டார்கள். புகைப்படம் உலகச் சந்தையில் பெரும்பாலும் ஜாங்கின் பெயரிலேயே சுற்றியது. அன்றைக்கு யாரும் ஒப்பந்தம் எழுதவில்லை. எழுத வேண்டும் என்ற நினைப்பே அந்த ஊரில் இருந்திருக்காது. படத்துக்கு விலை வந்தபோதுதான் உரிமை என்ற கேள்வியே வந்தது.

கூட்டாக நிகழ்த்துகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது மிகச் சாதாரணமான விஷயம். யோசனை யாருடையது, உடம்பு யாருடையது, கேமரா யாருடையது, பிரதி விற்றால் பங்கு எப்படி என்ற நான்கையும் நிகழ்வுக்கு முந்திய நாளே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டுவிட வேண்டும்.

1997 ஆகஸ்டில் நடந்த ‘மீன்குளத்தின் நீர்மட்டத்தை உயர்த்துதல்’ இன்னும் ஒரு படி நகர்கிறது. இங்கே உடம்பைக் கொடுத்தவர்கள் கலைஞர்கள் அல்லர். கட்டட வேலைக்கும் மீன்பிடிக்கும் கூலிக்கும் பெய்ஜிங் வந்து சேர்ந்த வெளியூர்க்காரர்கள், சுமார் நாற்பது பேர். சிறுவர் முதல் அறுபது தாண்டியவர் வரை. முதலில் குளக்கரையைச் சுற்றி நின்றார்கள். பிறகு நீருக்குள் இறங்கிக் குளத்தை இரண்டாகப் பிரிக்கும் சுவர் போல வரிசையாக நின்றார்கள். அப்புறம் அங்கங்கே பரவி அசையாமல் நின்றார்கள். ஜாங் ஒரு சிறுவனைத் தோளில் சுமந்து நின்றார். குளத்தின் மட்டத்தை ஒரு மீட்டர் உயர்த்தும் பயனற்ற முயற்சி என்று அவரே குறித்திருக்கிறார்.

எவ்வளவு பயனற்றது? மார்பளவு நீரில் நிற்கும் ஒருவர் 45 லிட்டர் நீரை இடம்பெயர்ப்பதாக வைப்போம். நாற்பது பேருக்கு 1,800 லிட்டர், அதாவது 1.8 கன மீட்டர். குளம் ஒரு பேச்சுக்கு 1,000 சதுர மீட்டர் என்றால் மட்டம் 1.8 மில்லிமீட்டர் ஏறும். அந்தக் குளத்தில் ஒரு மீட்டர் ஏற்ற 22,000 பேர் இறங்க வேண்டும். 22,000 பேருக்கு அங்கே நிற்க இடமே இருக்காது. நகரத்துக்கு வந்து சேர்ந்த ஒரு கூலியாள் நகரத்தை எவ்வளவு உயர்த்துகிறார், அந்த உயர்வில் அவர் கண்ணுக்குத் தெரிகிறாரா என்ற கேள்விக்கு 1.8 மில்லிமீட்டர் கச்சிதமான பதில். மலை விஷயத்தில் கருவி வைத்து அளந்தவர்கள் குளத்தில் அளக்கவில்லை. அளக்காமல் விட்டதே சரி.

1998இல் நியூயார்க்கில் ஏசியா சொசைட்டியும் பி.எஸ்.1 கலை மையமும் இணைந்து நடத்திய புதிய சீனக் கலைக் கண்காட்சியின் நூலட்டையில் இந்தக் குளத்துப் படம் வந்தது. ஜாங்கும் அங்கே போய்ச் சேர்ந்தார். பெயர் தெரியாத நாற்பது பேர் அவரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

நியூயார்க் ஆண்டுகள்

அடுத்த எட்டு ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். பி.எஸ்.1 முற்றத்தில் சீனப் பாணிக் கட்டிலில் பனிக்கட்டிகளை அடுக்கி, கட்டிலைச் சுற்றி நாய்களைக் கட்டிவைத்து, திபெத்திய யாத்திரிகர் போல விழுந்து கும்பிட்டபடி வந்து பனிமேல் குப்புறப் படுத்தார். 1999இல் சியாட்டில் கலை அருங்காட்சியகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் ஆடையின்றி அடுக்குமேடையில் நின்று அவர்மேல் ரொட்டியை வீசினார்கள். ‘குடும்ப மரம்’ ஒன்பது புகைப்படங்களின் தொடர். மூன்று எழுத்தோவியர்கள் காலையிலிருந்து மாலைவரை அவர் முகத்தில் சீன எழுத்துகளை எழுதிக்கொண்டே போகிறார்கள்: பெயர்கள், கதைகள், முகலட்சண சாஸ்திரச் சொற்கள், நெற்றியில் மலையை நகர்த்திய முட்டாள் கிழவனின் கதை. ஒன்பதாவது படத்தில் எழுத்தும் இல்லை, முகமும் இல்லை, கறுப்புதான். 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்து ஈராண்டுக் கண்காட்சி. அங்கே பச்சை மாட்டிறைச்சியைத் தைத்த பயில்வான் உடையணிந்து நடந்து, பௌத்த வழக்கப்படி புறாக்களை விடுவித்தார்.

‘குடும்ப மரம்’ தவிர மற்றவை பெய்ஜிங் படைப்புகளின் அருகில் நிற்காது. அங்கே குறிப்பிட்ட கழிப்பறை, குறிப்பிட்ட குன்று, அதன் அளவு. இங்கே ‘சீனன் ஒருவன் அமெரிக்காவில்’ என்ற பொதுக்கருத்து. தலைப்புகளும் ‘என் அமெரிக்கா’, ‘என் நியூயார்க்’ என்று மாறின. அழைத்தவர்கள் எதிர்பார்த்த அடையாளத்தை அவர் கொஞ்சம் அதிகமாகவே தந்துவிட்டார் என்று தோன்றுகிறது.

ஊதுபத்திச் சாம்பல்

2005 வாக்கில் சீனாவுக்குத் திரும்பி ஷாங்காயில் நிலைகொண்டார். லொங்ஹுவா கோயிலுக்குப் போனபோது, தூபக் கலசங்களில் குவிந்துகிடந்த ஊதுபத்திச் சாம்பலும் அதன்முன் கும்பிட்டு நின்றவர்களும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழ் வாசகர் இங்கே திருநீற்றை நினைத்துவிடக் கூடாது. இது பசுஞ்சாணத்தை முறைப்படி எரித்து, நெற்றியில் பூசவே செய்த நீறு அல்ல. யாரோ ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டிக்கொண்டு கொளுத்திய பத்திகளின் எச்சம். கலசம் நிறைந்ததும் அள்ளி அகற்ற வேண்டிய கழிவு. ஒவ்வொரு பிடியிலும் யாருடைய வேண்டுதல் என்று பிரிக்க முடியாத பல வேண்டுதல்கள் கலந்திருக்கின்றன. மலையில் பத்து உடம்பு, குளத்தில் நாற்பது உடம்பு, இங்கே எண்ண முடியாத பேர். அதோடு வாடையும் திரும்பி வந்தது. படத்தில் ஏறாத கழிப்பறை நாற்றத்துக்குப் பதில், காட்சிக்கூடத்துக்குள் நுழைந்ததும் அடிக்கும் பத்தி மணம்.

வேலைமுறை இப்படி. ஷாங்காயிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கோயில்களிலிருந்து சாம்பலை முறைவைத்து வாங்கி வருகிறார்கள். பழைய தொழிற்சாலை ஒன்றைப் பட்டறையாக்கி, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வேலைக்கு வைத்தார். வந்த சாம்பலைச் சலித்து நிறத்தாலும் பரும அளவாலும் பிரிக்கிறார்கள். முழுதும் எரிந்தது வெளிறியிருக்கும்; மூச்சு முட்டி எரிந்தது கறுப்பு; இடையில் பல சாம்பல் நிறங்கள். எரியாத மூங்கில் காம்பு, தாள் துண்டு, பொட்டலக் காகிதம் எல்லாம் தனியே. சில ஓவியங்களில் அவற்றையும் வேண்டுமென்றே ஒட்டுகிறார்கள். லினன் துணியில் உருவத்தின் கோட்டை வரைந்து, பசை பூசிய பகுதியில் நிறவாரியாகச் சாம்பலைத் தூவி, படிந்ததும் அடுத்த அடுக்கு. மாவோ காலத்து இதழ்களில் வந்த படங்கள்தான் பல ஓவியங்களின் மூலம்: கால்வாய் வெட்டும் கூட்டம், படைவீரர்கள், தலைவர்கள். கோயில்களை மூடிய காலத்தின் படங்களைக் கோயில் சாம்பலால் வரைவது சும்மா வந்த யோசனையல்ல.

என்னென்ன கெடும்? முதலாவது நெருப்பு. மேலே ஆறியிருக்கும் சாம்பலுக்குள் தணல் பல மணி நேரம் உயிரோடிருக்கும். பிளாஸ்டிக் வாளியிலோ சாக்கிலோ அள்ளினால் வழியிலேயே பற்றும். உலோகத் தொட்டியில் மூடிவைத்து ஆறவிட்டுத்தான் சலிக்க வேண்டும். இரண்டாவது மூச்சு. சலிக்கும்போது எழும் நுண்துகள் நுரையீரலுக்குள் போகும். துணி முகமூடி போதாது. மூன்றாவது ஈரம். சாம்பல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நனைந்தால் காரத்தன்மை கொள்ளும். துணியையும் சில பசைகளையும் காலப்போக்கில் அது தளரச் செய்யும். நான்காவது கண்ணாடி. பாதுகாப்பென்று அக்ரிலிக் தகடு மாட்டினால் நிலைமின்சாரம் தளர்ந்த துகள்களை இழுத்துத் தகட்டின் உட்புறத்தில் ஒட்டவைத்துவிடும். பேஸ்டல் எனும் வண்ணப்பொடிக் கட்டி ஓவியங்களைப் பராமரிப்பவர்களுக்கு இது பழைய தலைவலி. பயணத்தில் படுக்கைவாக்கில், முகம் மேலே பார்க்க வைப்பதுதான் நல்லது. செங்குத்தாக வைத்து லாரியில் அனுப்பினால் சட்டகத்தின் அடியில் ஓவியத்தின் ஒரு பகுதி குவிந்துகிடக்கும்.

ஓவியத்தில் உதிர்வது குறை. சிற்பத்தில் உதிர்வதே படைப்பு. அவருடைய சாம்பல் தலைகளில் எஃகும் மரமும் உள்ளே நின்று தாங்குகின்றன. 2007இல் பெர்லினில் காட்டிய புத்தர் வேறு ஜாதி. அலுமினிய அச்சுக்குள் சாம்பலை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கி, பிறகு அச்சைக் கழற்றி எதிரே புத்தராகவே பொருத்தி நிறுத்தினார்கள். ஒரு பக்கம் மின்னும் உலோக புத்தர், அவரைப் பார்த்தபடி சாம்பல் புத்தர். அச்சு விலகியதும் சாம்பல் சரியத் தொடங்கியது. 2015 ஜனவரியில் சிட்னியின் கேரியேஜ்வொர்க்ஸ் கலை மையத்தில் இதே முறை, இன்னும் பெரிதாக: சுமார் 20 டன் சாம்பல், ஐந்து மீட்டருக்கு மேல் உயரம்.

உள்ளே தாங்கி இல்லாமல் சாம்பல் ஏன் கொஞ்ச நாளாவது நிற்கிறது? துகள்களுக்கிடையில் உள்ள சிறிதளவு ஈரமும், இறுக்கியபோது துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதும்தான் பிடிமானம். ஈரம் உலர உலரப் பிடி தளரும். முதலில் போவது துருத்தி நிற்பவை: மூக்கு, காதுமடல், முகவாய், விரல்கள். பிறகு தோள். மடியும் முழங்காலும் இருக்கும் அடிப்பகுதி கடைசிவரை நிற்கும், ஏனென்றால் மேலிருந்து விழுவதே அங்கே சரிவாகக் குவிந்து அதைத் தாங்குகிறது. அதிகமாக நனைத்து இறுக்கினால் நீண்டநாள் நிற்கும், ஆனால் காயும்போது விரிசல் விட்டுப் பாளமாக விழும். ஈரமான காரச் சாம்பல் அலுமினியத்தையும் அரித்து மங்கலாக்கும். குறைவாக நனைத்தால் அச்சைக் கழற்றும்போதே முகம் போய்விடும். கேரியேஜ்வொர்க்ஸ் பழைய ரயில் பட்டறை. உயரமான கூரை, பெரிய கதவுகள். இப்படிப்பட்ட கூடத்தில் குளிர்சாதனக் காற்றின் திசையும், கதவு திறக்கும்போது வரும் வீச்சும், பார்வையாளர் நடமாட்ட அதிர்வும் சேர்ந்துதான் புத்தரின் ஆயுளைத் தீர்மானிக்கும். தடுப்புக்கயிற்றை உருவத்தின் உயரத்தைவிடக் கிட்டே கட்டக்கூடாது. விழுவது நேர்கீழே விழாது, சரிந்து பரவும். கூட்டிப் பெருக்கி ஒழுங்குபடுத்தும் ஆசையைக் காவலர்களிடமிருந்து முதல் நாளே நீக்கிவிட வேண்டும்.

செம்பும் கதவும்

2005இல் திபெத்துக்குப் போனபோது, மாவோ காலத்துப் பண்பாட்டுப் புரட்சியில் உடைக்கப்பட்ட புத்தச் சிலைகளின் துண்டுகளைச் சந்தைகளில் பார்த்தார். அதிலிருந்து பிறந்தவை பிரம்மாண்டமான செம்புச் சிற்பங்கள். 2007இல் லண்டன் ராயல் அகாதெமி முற்றத்தில் நின்ற ‘மூன்றுகால் புத்தர்’, இப்போது நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோர்ம் கிங் சிற்பப் பூங்காவில் இருக்கிறது. எட்டரை மீட்டர் உயரம், 12 டன். மூன்று கால்களில் ஒன்று ஒரு மனிதத் தலையை மிதித்து நிற்கிறது. தலையின் சாயல் ஜாங்கினுடையது. ‘மூன்று தலை ஆறு கை’ 2010இல் சான் பிரான்சிஸ்கோவின் நகர்மன்றத்துக்கு எதிரே நின்றது. பட்டறைக்காரர்களின் தட்டுவேலையும் பற்றவைப்பும் வியக்கத்தக்கவை. பற்றுக்கோடுகளை மறைக்காமல் விட்டிருப்பதால் உடைந்து ஒட்டிய உணர்வு வருகிறது. ஆனாலும் சதுக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்ளத் தோதான பொருளாக அவை ஆகிவிட்டன. உடைப்பைப் பற்றிய சிற்பம் உடையவே உடையாது என்பது அதன் பலவீனம்.

நகரமாற்றத்தைப் பற்றி ஜாங் பிற்காலத்தில் செய்தவற்றில் ‘நினைவுக் கதவுகள்’ தொடர்தான் உண்மையான கனம் கொண்டது. ஷான்ஷி மாகாணக் கிராமங்களின் பழைய வீடுகளிலிருந்து வந்த மரக்கதவுகள். கதவின் ஒரு பகுதியில் பழைய புகைப்படத்தைப் பட்டுத்திரை அச்சில் பதிக்கிறார்கள். மீதியைத் தச்சர்கள் புகைப்படத்தின் தொடர்ச்சியாகவே செதுக்குகிறார்கள். எங்கே அச்சு முடிந்து செதுக்கல் தொடங்குகிறது என்று கிட்டே போனால்தான் தெரியும். தாழ்ப்பாளும் பெயின்ட் உரிந்த தடமும் அப்படியே இருக்கும். 2008 சிச்சுவான் நிலநடுக்கத்தில் சுரங்கப்பாதைக்குள் சிக்கி எரிந்த சரக்கு ரயிலின் பெட்டிகளை வாங்கி, 2010இல் பெய்ஜிங்கில் காட்சிக்கு வைத்ததும், மிங் காலத்து முன்னோர் கோயில் ஒன்றைப் பிரித்தெடுத்து 2009இல் பிரஸ்ஸல்ஸ் ஒபரா மேடையில் நிறுத்தியதும் இதே வழிதான்: இடிந்ததை விலைக்கு வாங்கி இன்னொரு இடத்தில் நிறுத்துவது.

இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1994இல் ஈ மொய்த்தது அவர் உடம்பு. 2006க்குப் பிறகு சாம்பல் தூசியைச் சலிப்பது, கதவைச் செதுக்குவது, செம்பைத் தட்டுவது எல்லாம் சம்பளத்துக்கு வேலை செய்யும் மற்றவர்களின் உடம்பு; அவர்களில் பலர் குளத்தில் இறங்கி நின்றவர்களைப் போலவே வெளியூரிலிருந்து வந்தவர்கள். இல்லறத்தில் இருந்தபடியே பௌத்த தீட்சை பெற்ற கலைஞர், பெரிய பட்டறையின் முதலாளியும்கூட. பட்டறை முறை சீனத்தில் புதிதல்ல, தவறுமல்ல. ஆனால் கதவில் தச்சரின் பெயர் இருப்பதில்லை, குளத்தில் நின்றவர்களின் பெயரும் இருந்ததில்லை. காட்சிக்கூடத்தின் விவரப் பலகையில் ‘சாம்பல், எஃகு, மரம்’ என்று பொருட்களை எழுதும் இடத்துக்குக் கீழே செய்தவர்களின் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்க இடம் இருக்கிறது. சாம்பல் எந்தக் கோயில்களிலிருந்து வந்தது என்பதற்கும் இன்னொரு வரி.